தெய்வசிகாமணி வகையறா

ஓராக்குப்பத்து ஏரியில் புயலடித்து மூழ்கிப்போன மரத் தோணி ஒன்று, மூழ்கிய நாற்பதாம் நாள் வேலைக்குத் திரும்பியது. அதற்குள்ளாகவா, இன்னும் கொஞ்சநாள் படுத்துக் கிடக்கக் கூடாதா என்று இரக்கப்பட்டவர்கள் உண்டே தவிர, மூழ்கிய தோணி எப்படி ஐயா வேலைக்கு வரும் என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, அது இறால் காலம்.

தோணியின் பெயர் தெய்வசிகாமணி. அறுபத்திரண்டு அடி நீளம், அடிமரம் இலுப்பை, பக்கப் பலகை தேக்கு. பட்டணத்து விறகு வியாபாரி ஒருவர் மாமனார் செய்த உதவியால் அதைக் கட்டினார், நன்றி மறக்கக் கூடாதென்று மாமனாரின் பெயரையே அதற்கு வைத்தார். வைத்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. "தெய்வசிகாமணிக்கு அடியில ஓட்டை", "தெய்வசிகாமணிய சாய்ச்சிப் போட்டுப் பாசி சுரண்டணும்", "தெய்வசிகாமணி பாரம் தாங்காம மொனகறாரு" என்று கூலியாட்கள் கால்வாய்க்கரை நெடுகக் கூச்சல் போட, மாமனார் மருமகன் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். மருமகன் அதற்காகத் துக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

இருபத்திரண்டு வருஷம் சிகாமணி சுமந்தார். ஆம், 'சுமந்தார்' என்றுதான் சொல்ல வேண்டும், அந்தப் பெயருக்கு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சவுக்குக் கட்டை சுமந்தார், உப்புச் சுமந்தார், சுண்ணாம்புக் கிளிஞ்சலும் நாட்டு ஓடும் நெல்லும் சுமந்தார், ஒருமுறை கல்யாணப் பெண்ணையும் அவளோடு எழுபது உறவினரையும் அத்தனை பேரின் சண்டையையும் சுமந்துகொண்டு முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். கால்வாயில் காற்று இல்லாத நாளில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள், ஏரியில் பாய் விரித்தார்கள்.

தோணியை நடத்துகிறவனுக்குத் தண்டேல் என்று பெயர். சிகாமணியின் கடைசித் தண்டேல் வேதாசலம். அவன் மனைவி மங்காவரம் கால்வாய்த் தோணியில் பிறந்து, இன்னொரு கால்வாய்த் தோணிக்கு வாழ்க்கைப்பட்டவள். சிகாமணியின் பின்பக்கத்தில் ஓலைக் கூரையடியில் அவள் அடுப்பு, அவள் பாய், அவள் கைக்குழந்தை பூங்காவனம். அவளுக்குத் தெரிந்த தண்ணீர் கால்வாய்த் தண்ணீர் ஒன்றுதான். அதில் தவறி விழுந்தால் எழுந்து நின்று, புடவையைப் பிழிந்துகொண்டு, விழுந்த வேகத்தில் விட்ட பேச்சைத் தொடரலாம். ஏரியைத் தோணியின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறாளே தவிர, அதில் கால் வைத்தவள் இல்லை.

ஐப்பசி மாதம் ஒருநாள் உச்சிப்பொழுதில் புயல் வந்தது. கட்டையும் உப்புமாகச் சிகாமணி ஏரியைக் கடந்து கால்வாய் வாய்க்குள் நுழைய இன்னும் கூப்பிடு தூரம்தான் இருந்தது. நுழைந்துவிட்டால் பிழைப்பு நிச்சயம். அந்த நேரத்தில்தான் நடு ஏரியில் ஓராக்குப்பத்துக்காரர்களின் சின்னப் படகுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்வதை வேதாசலம் பார்த்தான். பார்த்தவன் சுக்கானைத் திருப்பினான்.

மங்காவரம் கூரைக்குள்ளிருந்து குழந்தையோடு வெளியே பாய்ந்து வந்தாள். "யோவ், நம்ம கொழந்த கீதுய்யா இதுல! எவன் எவனோ சாவறான்னு எங்கள ஏன்யா பலி குடுக்கற? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

வேதாசலம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கொழந்தய இறுக்கிப் புடிச்சிக்க" என்றான். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

கூலியாட்கள் கட்டையைத் தள்ளினார்கள், உப்பு மூட்டைகளைத் தள்ளினார்கள், வேதாசலம் பதினேழு பேரைப் பொறுக்கினான். கரைக்குக் கிட்டே இடுப்பளவுத் தண்ணீர் வரை சிகாமணியைக் கொண்டுவந்து நிறுத்தி, பதினேழு பேரையும் கூலியாட்களையும் மனைவியையும் மகளையும் இறக்கிவிட்டான். சுக்கானை விட்டால் தோணி புரண்டு இறங்கினவர்கள் மேலேயே விழும் என்பதால் அவன் மட்டும் இறங்கவில்லை. கடைசி ஆளின் கால் கரை தொட்டதும் காற்று திசை மாறியது, சிகாமணியைத் தண்டேலோடு சேர்த்து நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய்மரம் முறிந்தது, பிறகு தண்ணீர்தான் இருந்தது.

ஊர் மங்காவரத்தைத் தாங்கியது. பதினேழு வீட்டிலும் முறை வைத்துச் சோறு போட்டார்கள், குழந்தைக்குத் தூளி கட்டினார்கள், அவள் முன்னால் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. அந்தச் சோறுதான் மங்காவரத்துக்கு இறங்கவில்லை. இவர்கள் சாகட்டும் என்று கத்தியவள் நான், எனக்குப் போய் வறுத்த மீனைத் தேடித் தேடி வைக்கிறார்களே என்று குமைந்தாள். கத்தியது காற்றில் யாருக்கும் கேட்டிருக்கவில்லை, கேட்டவன் ஒருவன்தான். அவனிடம் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழியில்லை என்பதுதான் அவள் துக்கத்துக்குள் இருந்த துக்கம்.

நாற்பதாம் நாள் எத்திராஜின் படகு கவிழ்ந்தது. பதினேழு பேரில் ஒருவன், இருபது வயது, முறுக்குப் பேர்வழி. கால் வலையில் சிக்கி நாலாள் ஆழத்தில் இறங்கிக்கொண்டிருந்தவனின் பாதத்தில் பலகை தட்டியது. பலகை மேலே வந்தது. கழுத்தளவு, மார்பளவு, இடுப்பளவு என்று அவனைத் தூக்கி நிறுத்தி, கரைவரை நகர்ந்து வந்து, அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கிக்கொண்டதும் பின்வாங்கிப் போய்விட்டது. எத்திராஜ் வீட்டுக்குப் போய்ச் சாதம் போடச் சொன்னான். என்னடா ஈரம் என்று கேட்டதற்கு, "சிகாமணி கொண்டாந்து வுட்டாரு" என்றான். "அப்படியா, சாப்புடு" என்றார்கள்.

அடுத்த வாரம் ஒருவன், அதற்கடுத்த வாரம் அப்பனும் மகனுமாக இருவர். ஊர் இதற்குள் பழகிவிட்டது. வெறும் வேடிக்கைக்காக ஆழத்தில் குதித்துப் பார்த்த ஒருத்தன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான், மனிதர்கள்தான் போய் இழுத்துவர வேண்டியிருந்தது, அதனால் வேலை செய்கிறவரை விளையாட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று வழக்கம் ஆயிற்று. மரத் தோணி என்றால் எண்ணெய் பூசாமல் இருக்கலாமா என்று பெண்கள் கேட்டார்கள், அன்றிலிருந்து வருஷாவருஷம் ஆடி மாதம் ஒரு தகரம் மீன் எண்ணெயை ஏரியில் ஊற்றினார்கள். மீன்துறை அதிகாரி ஒருவர் வந்து விசாரித்து, 'மணல் திட்டு' என்று எழுதிக்கொண்டு போனார். மறுமுறை வந்தபோது திட்டு வேறு இடத்தில் இருக்கவே, அடித்துவிட்டு 'நகரும் மணல் திட்டு' என்று எழுதினார். படித்தவர், பாவம், எதையாவது எழுத வேண்டுமே.

தை பிறந்தது. மங்காவரம் துணிமூட்டையைக் கட்டினாள். பட்டணத்தில் அண்ணன் இருந்தான், அவன் வா என்று சொல்லவில்லை, ஆனால் முகவரி இருந்தது. ஓராக்குப்பத்தில் பிழைக்க வேண்டுமானால் பாடு வேண்டும். ஏரி கடலோடு சேரும் இடத்துக்கு அருகே மீனும் இறாலும் மொய்க்கிற ஒரே ஒரு நல்ல இடம் இருக்கிறது, அங்கே ஒரு நாளைக்கு ஒரு குடும்பம்தான் கம்பு ஊன்றி வலை கட்டலாம், முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் வரிசையாக முறை வரும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒருவர் பாட்டு நாளில் மற்றவர் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது அது, வெளியூர்க்காரிக்கு அதில் இடம் இல்லை. வேதாசலம் கிடக்கிற தண்ணீரை விட்டுப் போக அவளுக்குக் கால் வரவில்லை, இரந்து தின்னவும் மனம் வரவில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், வருஷ வரிசைக்குச் சீட்டுப் போட, கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் ஆளவந்தாருக்கு எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் இல்லை, ஏரியில் வேலை செய்கிறவர்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வருவார், சொல்லச் சொல்ல ஒரு பையன் பெயருக்கு ஒன்றாக ஓலைச் சீட்டில் எண் கிழித்துப் பானையில் போடுவான். அன்றும் அப்படியே நடந்தது. முப்பத்திரண்டு பேரும் வந்து முப்பத்திரண்டு சீட்டு எடுத்தார்கள். பானையைக் கவிழ்த்தபோது ஏழாம் எண் சீட்டு ஒன்று மிச்சம் விழுந்தது.

மறுபடி பெயர்களைச் சொல்லிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பதினோராவது பெயருக்கும் பன்னிரண்டாவது பெயருக்கும் நடுவில் ஆளவந்தார் சிகாமணியின் பெயரையும் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த முப்பத்திரண்டு பேருக்கும் உறைக்கவில்லை, அந்த மாதம் ஏரியில் வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர்தானே. அம்மன் முன்னால் பானைக்குள் போன சீட்டைத் திரும்பக் கிழித்துப் போடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"எழுந்திரு மங்காவரம்" என்றார் ஆளவந்தார். "சிகாமணிக்கு ஒறமொறைன்னு சொல்ல இங்க நீ ஒருத்திதான் கீற. வந்து எடு."

எத்திராஜ் எழுந்தான். "இன்னா தலைவரே இது? தோணிக்குப் பாடு குடுத்தா நாளைக்குத் துடுப்புக்குக் கேப்பாங்க. அதுவும் அசலூர்த் தோணிக்கு."

"ஏண்டா, உன்னைத் தூக்கியாந்து கரையில வுட்டாரே, அப்ப எந்த ஊரு நீங்கன்னு கேட்டுட்டா ஏறி நின்ன?"

கூட்டம் சிரித்தது. எத்திராஜும் கடைசியில் சிரித்துவிட்டான், அவன் போய்த் தானே அந்தச் சீட்டை எடுத்து மங்காவரத்தின் கையில் வைத்தான். "நீங்க எடுத்துக்கங்க அண்ணி. வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன்." அன்று மாலை பாட்டு வரிசையில் முப்பத்து மூன்றாவதாக ஒரு பெயர் ஏறியது: தெய்வசிகாமணி வகையறா.

ஏழாம் நாள் காலை, வெயில் ஏறுகிற நேரம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மங்காவரம் கரைக்கு வந்தாள். படகு தருகிறோம் என்றார்கள். இரவல் படகு வேண்டாம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐந்தடிக் கம்புகள் பத்தை அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். மற்றவர்கள் முப்பது அடிக் கம்புகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆர்ப்பாட்டமாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். நடந்தாள், நடந்தாள், பாட்டு இடம் வரை நடந்தாள், தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை. அடியில் கெட்டியாக, கிளிஞ்சல் மேடுபோல இருந்தது, கம்பு ஊன்றத் தோதாக அங்கங்கே பொந்துகளும் இருந்தன. இவ்வளவுதானா இந்த ஏரி, இதற்கா ஆளுக்கொரு படகும் இந்தப் பெரிய கம்பும் என்று நினைத்துக்கொண்டாள். கரையில் ஊரே வந்து வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பது தெரிந்தது. பொம்பளை வலை கட்டுகிற அழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அன்று இரண்டு கூடை இறால் விழுந்தது.

அப்படிப் பத்தொன்பது வருஷம். முப்பத்து மூன்று நாளுக்கு ஒருமுறை அவள் ஏரிக்குள் நடந்து போனாள், மற்ற நாளில் கருவாடு போட்டாள், சின்னதாக ஒரு வீடு கட்டினாள், பூங்காவனத்தைப் படிக்க வைத்து எண்ணூரில் கட்டிக்கொடுத்தாள். அந்த ஏரி அவளுக்குச் சோறு போட்டது, ஊர் அவளைத் தன் மனுஷியாக்கிக்கொண்டது, இரண்டுக்கும் அவள் விளக்கு வைக்கும்போதெல்லாம் கைகூப்பினாள்.

ஒரு குறை மட்டும் ஆறவில்லை. பத்தொன்பது வருஷத்தில் சிகாமணி ஊரில் நாற்பது பேருக்கு மேல் கொண்டுவந்து விட்டிருந்தார். வேற்றூர்க்காரனுக்குக்கூட வந்தார், ஒருமுறை எருமைக்கு வந்தார். தனக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பலகையில் ஒரு நிமிஷம் கால் வைத்தால் போதும், சுக்கான் பக்கம் திரும்பி அந்த ஒரு பேச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிடலாம் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள். அவன் மன்னிக்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். மன்னிக்காவிட்டாலும் அவன் செய்தது அவனுக்கே உரிய பெரிய காரியம் என்று நினைக்கும்போது அழுகையும் பெருமிதமுமாகப் பொங்கும்.

பூங்காவனம் முழுகாமல் இருந்தாள். கூட வந்து இரும்மா, இனிமே அங்க தனியா எதுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மங்காவரம் சரி என்றுவிட்டாள். இந்தப் பாட்டோடு சீட்டை ஊரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகத் தலைவரிடம் சொல்லியும் ஆயிற்று.

கடைசிப் பாடு. அன்று பார்த்து நாலு கூடை இறால் விழுந்தது, தலையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எத்திராஜ் படகில் போய்க்கொண்டிருந்தான், இப்போது நாற்பதை நெருங்கியவன், முறுக்கெல்லாம் தளர்ந்து மாமனாரானவன். மங்காவரம் கைதட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பாட்டுக்குள் இன்னொரு படகு நுழைந்தது அதுதான் முதல் தடவை.

எத்திராஜ் கொஞ்சம் தள்ளியே படகை நிறுத்தினான். கிட்டே வரத் தயங்குகிறவனாக இருந்தான்.

"வாயேன் எத்திராஜு, இன்னா பயம்? தரை தட்டிடும்னா? இடுப்பளவு தண்ணி கீதே."

அவன் கூடைகளைப் பார்த்தான்.

"நான் எண்ணூருக்குப் போறேன்" என்றாள். "ஊருக்கெல்லாம் நல்லது செஞ்சாரு சிகாமணி. நல்லா இருக்கட்டும். என்கிட்ட மட்டும் ஒருநாளும் வரல. அன்னிக்கி நீங்கல்லாம் தண்ணியில தத்தளிக்கும்போது, எவனோ சாவட்டும், நம்ம கொழந்த முக்கியம்னு நான் கத்துனேன் எத்திராஜு. உன்னையும் சேத்துதான் சொன்னேன். அந்த மனுசன் காதுல அது வுழுந்துச்சி. அந்தக் கோவம்தான், என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறாரு."

சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து வலையைச் சுருட்டினாள். எத்திராஜ் துடுப்பைப் படகுக்குள் போட்டான்.

"அண்ணி, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"இன்னா தெரியாதா?"

அவன் படகிலிருந்த பதினெட்டு அடிக் கம்பை எடுத்தான். அவளுக்கு ஒரு கை தூரத்தில், அவள் கண்ணெதிரில் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கினான். கம்பு போனது, போய்க்கொண்டே இருந்தது, அவன் கைப்பிடி தண்ணீரைத் தொட்டது, அடி தட்டவில்லை. கையை விட்டான். கம்பு முழுவதும் உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் மிதந்து வந்தது.

"இது நாலாள் ஆழம் அண்ணி. நீங்க மொத நாள் நடந்து போனீங்களே, அன்னிக்கே ஊரே பாத்துச்சு. வாய் பொளந்து நின்னோம். அது புருசன் பொண்டாட்டி வூட்டு விசயம், எவனாச்சும் அந்தம்மாகிட்ட இதப் பத்திப் பேசினா சும்மா வுட மாட்டேன்னு ஆளவந்தார் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு கீறோம். எங்களுக்கெல்லாம் சாவப்போற நேரத்துல வந்தாரு. உங்களுக்கு அந்த நேரமே வரக் கூடாதுன்னு முன்னாடியே வந்து நிக்கறாரு."

மங்காவரம் வலது காலை மெதுவாக நகர்த்தினாள். கட்டைவிரலால் தடவினாள். கிளிஞ்சல் இல்லை. நீளவாட்டில் ஓடுகிற பலகை, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இணைப்பு, இணைப்பில் வரிசையாக ஆணித் தலை. இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினாள், அடுப்பு வைத்திருந்த இடத்துக் கருங்கல் தட்டுப்பட்டது. பத்தொன்பது வருஷமாகத் தன் சமையல்கட்டில் நின்றுகொண்டுதான் வலை கட்டியிருக்கிறாள். ஓவென்று ஒரு அழுகை வந்தது. அதைத் தடுக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

அழுது முடித்து, முகத்தை ஏரித் தண்ணீரால் கழுவிக்கொண்டு, சுக்கான் இருக்க வேண்டிய பக்கமாகத் திரும்பினாள்.

"யோவ்" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "யோவ், அன்னிக்கி நான் சொன்னது தப்புய்யா. நீ செஞ்சதுதான் சரி. அந்தப் பதினேழு வூட்லயும் புள்ளகுட்டியோட நல்லா கீறாங்க. நம்ம கொழந்தைக்குக் கொழந்த பொறக்கப் போவுது. உன்னால எல்லாரும் நல்லா கீறோம். நீயும் நல்லா இருக்கணும்."

அவள் காலடியில் பலகை லேசாக அசைந்தது. இடுப்பளவு இருந்த தண்ணீர் தொடைக்கு இறங்கியது, தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கி நின்றது. நாலாள் ஆழத்து ஏரியின் நடுவில், வெட்டவெளி வெயிலில், மங்காவரம் முழங்கால் தண்ணீரில் நின்றாள், சுற்றிலும் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. எத்திராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

மிதந்து வந்த கம்பை எடுத்துப் படகில் போட்டுக்கொண்டு கேட்டான். "எண்ணூருக்கு எப்ப அண்ணி கெளம்பறீங்க?"

"பிரசவத்துக்கு அவள இங்க வரச் சொல்லி ஆள் அனுப்பணும். நீ போயி தலைவர்கிட்ட சீட்டு என்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிடு."

"சொல்லிடறேன். வெயில் ஏறுது, படகுல ஏறிக்கங்க. கரையில வுட்டுடறேன்."

"எனக்கு எதுக்குடா படகு?" என்றாள் மங்காவரம், ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டு. "நான் எங்க வூட்ல நிக்கறேன்."

எத்திராஜ் கூடைகளை மட்டும் வாங்கிப் படகில் வைத்துக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டுத் துடுப்பைப் போட்டான்.